ஒரு 'க்' கூடுதல்

நான் மாப்பிள்ளை வீடும் இல்லை, பெண் வீடும் இல்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். காலை ஆறரையிலிருந்து நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். பன்னீர் தெளித்த அம்மாள் கேட்டார். காபி கொண்டுவந்தவர் கேட்டார். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "குளித்தலை ராமசாமியோட மச்சினன்தானே நீங்க, ஏன் இப்படி இளைச்சுட்டீங்க?" என்று விடவே இல்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் முன்வரிசையில் ஃபேனுக்கு நேராக உட்கார வைத்திருப்பார். இல்லை என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? இல்லாததை இல்லை என்றுதானே சொல்ல வேண்டும்.

நீங்கள் மாப்பிள்ளை வீடா? கரூரா? நல்லது, உட்காருங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணம், குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் அந்த மேடையைக் கொஞ்சம் பாருங்கள். நேற்று மாலை வைத்தது, இன்னும் எடுக்கவில்லை. 'திருமண வரவேற்ப்பு.' அந்த 'ப்' எங்கிருந்து வந்தது? வரவேற்பு. 'ற்' வந்துவிட்டால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு வல்லின ஒற்று உட்காராது. அலங்காரக்காரரிடம் போய்ச் சொன்னேன். "தெர்மாகோல்ல ஒட்டியாச்சு சார், பிடுங்குனா ஓட்டை தெரியும். ஒண்ணு கூட இருந்தா நல்லாத்தானே இருக்கு?" என்றார். நல்லாத்தானே இருக்காம்.

இந்தப் பொட்டலமா? இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மாடியில் மணப்பெண்ணுக்கு ஒப்பனை நடக்கிறது. ஒப்பனை செய்கிறவர் இறங்கி வந்ததும் இதை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். பந்தியில் உட்கார மாட்டேன், கவலைப்படாதீர்கள். அவரைப் பிடிக்க வேறு வழி இல்லை. மூன்று வாரமாகப் போன் எடுப்பதில்லை. இந்த மண்டபத்தில் இன்று வேலை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இல்லை, இல்லை, கடன் இல்லை. அவர் எனக்குத் தர வேண்டியது ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சொல்லைத் தவிர. "நீங்க சொன்னது சரி சார்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். முழுக்கச் சரி என்றுகூட வேண்டாம். பாதி சரி என்றால்கூட எழுந்து போய்விடுவேன்.

நான் டிசைனர். இந்த ஊரில் டிசைனர் என்றால் ஜாக்கெட்டுக்குக் கை வைப்பவரா என்று கேட்கிறார்கள். லெட்டர்ஹெட், விசிட்டிங் கார்டு, கவர், லேபிள், இதெல்லாம் என் வேலை. பத்தொன்பது வருடம் சிங்கப்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருந்தேன். திரும்பி வந்து தில்லைநகரில் ஒரு மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவது வரைக்கும் தமிழ் வழியில் படித்தேன், அப்புறம் எல்லாம் ஆங்கிலம். அதனால் இரண்டு மொழியிலும் பிழை கண்ணில் குத்தும். ஒரு மொழி மட்டும் தெரிந்தவனுக்குப் பாதி நிம்மதி.

மாடியில் இருக்கிறவர் பெயர் மலர்கொடி. கேட்டீர்களா, எப்படிச் சொன்னேன் என்று? மலர்கொடி. நடுவில் 'க்' இல்லாமல். நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், விஷயமே அதுதான்.

ஐப்பசியில் என்னிடம் வந்தார். முப்பத்தாறு, முப்பத்தேழு வயது இருக்கும். சென்னையில் சினிமாவுக்கு ஒப்பனை செய்தவர், இப்போது இங்கேயே தனியாக நடத்துகிறார். தன் பழைய கார்டை என் மேஜையில் வைத்தார். ஊதா நிறம், இமை மூடிய ஒரு கண், விசிறி மாதிரி முடி. "சார், நான் கல்யாணம் மட்டும் பண்றதில்ல. நாடகம் பண்றேன், குறும்படம் பண்றேன், இருபத்திநாலு வயசுப் பையனை எழுபது வயசு ஆக்குவேன். இந்த கார்டைக் குடுத்தா, புருவம் திருத்த எவ்வளவுன்னு கேக்கறாங்க."

"இந்தக் கண்ணை முதலில் எடுத்துவிடலாம்" என்றேன். திருச்சியில் எத்தனை பார்லர் உண்டோ அத்தனைக்கும் இதே கண். ஊரில் பாதிப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அவர் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்பு. அப்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படித்தான் செய்தேன். இரண்டு நாள் அவர் வேலை செய்யும் இடத்தில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். அவருக்கு என்ன வேண்டும்? லெட்டர்ஹெட், கார்டு, கவர். அதோடு, நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் எந்த நிறம் போட்டது, எது போட்டால் அரிக்கிறது என்று குறித்து வைக்க ஒரு சின்ன அட்டை. அவர் கையில் எப்போதும் பவுடர், மை, எண்ணெய். வழவழப்பான காகிதம் கொடுத்தால் ஒரே நாளில் கைரேகை ஆகிவிடும். இதையெல்லாம் பார்க்காமல் டிசைன் செய்கிறவன் டிசைனரா?

காகிதம் காட்டினேன். ஏழு மாதிரி. ஒவ்வொன்றையும் தன் தாடைக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். ஆறைத் தள்ளிவிட்டார். "இது யாரோட தோலும் இல்ல சார்." ஏழாவது வெளிர்பழுப்பு, அதை வைத்துக்கொண்டார். அப்படி ஒரு கண் அவருக்கு. அச்சுக்கு முன்னால் சரிபார்க்கக் காட்டும் புரூஃபை மூன்று தடவை திருப்பி அனுப்பினார், நிறத்துக்காக. "கொஞ்சம் சிவப்பு ஏறியிருக்கு" என்பார். கணினியில் போய்ப் பார்த்தால் உண்மையிலேயே நான்கு சதவீதம் ஏறியிருக்கும். எனக்கு மரியாதை வந்துவிட்டது. இப்போதும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

டிசைனைச் சொல்கிறேன், கேளுங்கள். படம் கிடையாது. பெயர் மட்டும். எழுத்தை நானே வரைந்தேன். பெயரின் நடுவில் 'ர்', 'க்' என்று இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து வருகின்றன இல்லையா? அந்த இரண்டு புள்ளிகளையும் கண்களாக்கினேன். மூடிய கண் இல்லை, திறந்த கண். பெயரே ஒருவரை நேராகப் பார்ப்பது மாதிரி. சிங்கப்பூரில் இப்படி ஒன்று செய்திருந்தால் விருதுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஆமாம், நான்தான் 'க்' போட்டேன். அவர் எழுதிக் கொடுத்த தாளில் அது இல்லை. யாரும் மறைக்கவில்லையே. ஒரு தொழில்காரர் தன் லெட்டர்ஹெட்டில் ஒற்றுப் பிழையோடு ஊருக்குக் கடிதம் எழுதலாமா? ய், ர், ழ் என்று முடிகிற சொல்லுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். போர்க்களம். தேர்க்கால். மலர்ச்செண்டு. அதேபோல மலர்க்கொடி. அவர் பழைய கார்டில் 'ஒப்பனை கலைஞர்' என்றுகூடத்தான் இருந்தது. அதற்கும் ஒரு 'க்' போட்டு 'ஒப்பனைக் கலைஞர்' ஆக்கினேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லையே? ஒரு 'க்'கை வாங்கிக்கொண்டு இன்னொரு 'க்'குக்குச் சண்டைக்கு வந்தால் என்ன நியாயம்?

தமிழில் இரண்டு வந்தால் ஆங்கிலத்திலும் இரண்டு கே வர வேண்டும். போட்டேன். ஒழுங்கு என்றால் இரண்டு மொழியிலும் ஒழுங்கு.

சொல்லாமல் செய்தேன் என்கிறீர்களா? புரூஃப் காட்டினேனே. நான்காவது புரூஃபை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், விரலால் தேய்த்துப் பார்த்தார். "இப்ப சரியா இருக்கு சார்" என்று கீழே கையெழுத்துப் போட்டார். கையெழுத்திலும் 'க்' இல்லை. கையெழுத்தில் கூடப் பிழையா என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சரி, போகப்போக லெட்டர்ஹெட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

அவசரம் என்று சொன்னதால் முதலில் நூறு தாள் மட்டும் அச்சடித்தோம். அவசரம் என்னவென்றால், இங்கே ஒரு நாடகக் குழு, அவர்களை மலேசியாவுக்கு ஒரு நாடக விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒப்பனைக்கு இவர். அவருக்கு அது பெரிய விஷயம். கல்யாணம் இல்லாத வேலை, வெளிநாடு. நாடகத்தில் ஒரு பையன் போடும் கிழவர் வேடத்துக்கு மட்டும் நான்கு மாதம் ஒத்திகை பார்த்தாராம், கழுத்துச் சுருக்கம் எப்படி விழும் என்று. விழாக்காரர்கள் ஒப்புதல் கடிதம் கேட்டார்கள். என் லெட்டர்ஹெட்டில் அனுப்பினார். அங்கே இருந்தவர்கள் அந்தத் தாளைப் பார்த்து, அதில் இருந்த ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்துப் போட்டு விமான டிக்கெட் வாங்கிவிட்டார்கள்.

பாஸ்போர்ட்டில் ஒரு கே. டிக்கெட்டில் இரண்டு கே.

விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். குழு மொத்தமும் உள்ளே போய்விட்டது, இவர் மட்டும் பெட்டியோடு வெளியே. ஏதேதோ பேசி, பெயரை மாற்றி, மறுநாள் விமானத்தில்தான் போனார். முதல் காட்சி முடிந்துவிட்டது. கிழவராக நடித்த பையன் தலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு மேடை ஏறினானாம். விளக்குச் சூட்டில் வியர்த்து வியர்த்து, கடைசிக் காட்சிக்குள் கிழவர் இளைஞராகிவிட்டார். மகள் இறந்துபோகிற காட்சியில் கூட்டம் சிரித்திருக்கிறது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன். அது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். சிரித்தது மட்டும்தான் தப்பு. ஒரு கே கூட இருந்தால் ஓர் ஆளை அடையாளம் தெரியாதா? எதிரே நிற்கிறார், போட்டோ இருக்கிறது, மூக்கு இருக்கிறது, முழி இருக்கிறது. ஒற்று மிகுந்ததற்கு விமானத்தை யார் நிறுத்தச் சொன்னது?

திரும்பி வந்த மறுநாள் என் மாடிக்கு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மீதித் தாள்களை மேஜையில் வைத்தார்.

"சார், இது யாரு?"

"நீங்கள்தான்."

"நான் இல்ல சார். எனக்குப் பேரு மலர்கொடி."

விதியைச் சொன்னேன். ய், ர், ழ். வெள்ளைத் தாளில் எழுதியே காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "சார், என் நாற்காலில ஒரு பொண்ணு வந்து உட்காருது. ஒரு புருவம் மேல இருக்கு, ஒண்ணு கீழ இருக்கு. எனக்கு அதைச் சமமாக்கத் தெரியும். ஆனா முதல்ல கேப்பேன், சரி பண்ணவா, அப்படியே விடவான்னு. சில பேர் விடச் சொல்வாங்க. எங்க அத்தைக்கும் இப்படித்தாங்க, விட்டுடுங்கம்பாங்க. விட்டுடுவேன்."

"புருவத்துக்கு இலக்கணம் கிடையாது" என்றேன்.

"இருக்கு சார். பெரிய புஸ்தகமே இருக்கு. அளவெல்லாம் போட்டு. அதைப் படிச்சுட்டுத்தான் கேக்கறேன்."

"அப்படியானால் புரூஃபில் கையெழுத்துப் போடும்போது பார்த்திருக்க வேண்டாமா?"

"நிறத்தைப் பார்த்தேன், தாளைப் பார்த்தேன். என் பேரு என் பேராத்தான் இருக்கான்னு நான் ஏன் சார் பார்க்கணும்?"

அதற்குச் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் அவர் விடவில்லை. கட்டைவிரலை எடுத்து லெட்டர்ஹெட்டில் அந்த 'க்' மேல் வைத்து மூடினார். "இப்ப பாருங்க. இதை எடுத்துட்டா ஒரே புள்ளி. பொட்டு மாதிரி நல்லாத்தான் இருக்கு. இப்படியே போட்டுக் குடுத்துடுங்க சார்."

"முடியாது" என்றேன். "தெரிந்தே பிழையை என் கையால் அச்சடிக்க மாட்டேன்."

"என் பேரு பிழையா?"

நான் அப்படிச் சொல்லவில்லை. சொன்னேனா? பெயரை எழுதும் முறை பிழை என்றேன். அது வேறு, இது வேறு. படித்த யாரைக் கேட்டாலும் வேறு என்றுதான் சொல்வார்கள். அவர் தன் ஒப்பனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். மாடிப்படியில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு நடனப் பள்ளியில் அவருடைய புதுக் கார்டைப் பார்த்தேன். ஏதோ ஜெராக்ஸ் கடையில் அடித்திருக்கிறார். ஊதா நிறம். இமை மூடிய கண். விசிறி முடி. ஏழு காகிதத்தில் ஆறைத் தள்ளின ஆள்! பெயர் மட்டும் அவர் இஷ்டப்படி இருந்தது. அதற்காக மறுபடியும் அந்தக் கண்ணோடு வாழச் சம்மதித்துவிட்டார். சொல்லுங்கள், இது பிடிவாதம் இல்லையா? என்னைப் பிடிவாதக்காரன் என்கிறார்கள்.

சரி, இனிமேல்தான் முக்கியம். காபி ஆறிவிடும், குடியுங்கள்.

போன மாதம் ஓர் ஊறுகாய்க் கம்பெனிக்கு லேபிள் செய்துகொண்டிருந்தேன். 'ஊறுகாய்' என்று திரை முழுக்கப் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு வளைவுகளைச் சரி செய்கிறேன். மணிக்கணக்காகப் பார்க்கிறேன். திடீரென்று ஓர் உதறல். ஊறுகாய். ஏன் 'ஊறுக்காய்' இல்லை? வினைத்தொகை! ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கும், ஒற்று மிகாது. பத்தாம் வகுப்பில் படித்தது. சுடுசோறு, குடிதண்ணீர், எல்லாம் அந்த வகைதான்.

மலர் என்பதும் வினைதான் ஐயா! மலர்தல். மலர்ந்த கொடி, மலர்கின்ற கொடி, மலரும் கொடி. மலர்கொடி. ஒற்று மிகாது! மலர்க்கொடி என்றால் வெறும் பூக்கொடி. மலர்கொடி என்றால் நேற்றும் இன்றும் நாளையும் பூத்துக்கொண்டே இருக்கிற கொடி. எது பெரியது?

அவர் பெயர் பிழையே இல்லை. இதைக் கண்டுபிடித்தது யார்? அவரா? நான். என் வாதத்தை நானே உடைத்தேன். இந்த ஊரில் எத்தனை பேர் அதைச் செய்வார்கள்?

உடனே உட்கார்ந்துவிட்டேன். 'க்'கை எடுத்தேன். எடுத்த பிறகு எண்ணிப் பார்த்தால் ஐந்து எழுத்து. நட்ட நடு எழுத்து 'ர்'. அதன் தலையில் ஒரே ஒரு புள்ளி. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது: புள்ளியைப் பொட்டாக்கிவிட்டால் என்ன? பெயரின் நெற்றி நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. முன்னால் செய்த கண்களெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. அவருக்குப் பிடித்த அதே வெளிர்பழுப்புக் காகிதம், ஐந்நூறு கார்டு, இருநூறு லெட்டர்ஹெட், நூறு கவர். செலவு என்னுடையது, அந்தப் பேச்சே வேண்டாம்.

கார்டின் பின்பக்கம் ஒரு சேர்க்கை. முழு அட்டைக்கும் பெரிய எழுத்தில்: 'மலர்ந்த, மலர்கின்ற, மலரும்.' இனிமேல் எவனாவது அவர் பெயரில் ஒற்று இல்லை என்று வாயைத் திறந்தால், அட்டையைத் திருப்பிக் காட்டினால் போதும். அவருக்கு நான் கொடுக்கும் கவசம் அது. இல்லை, கேட்கவில்லை. போனே எடுக்காதவரிடம் எப்படிக் கேட்பது?

அதோ, மாடிக் கதவு திறக்கிறது. அந்தப் பச்சைப் புடவை, தோளில் பை. மணப்பெண்ணின் தாய்மாமாவும் கூட வருகிறார். கொஞ்சம் கால்களை நகர்த்திக்கொள்ளுங்கள், எழுந்திருக்க வேண்டும்.

* * *

போய்விட்டார். மேலே ஏதோ நெற்றிச்சுட்டி அவிழ்ந்துவிட்டதாம். நீங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள், ஆனால் நாதஸ்வரச் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது. நான் சொல்கிறேன். ஒரு வார்த்தைகூட மாற்றாமல் சொல்கிறேன்.

பொட்டலத்தைப் பிரித்தேன். லெட்டர்ஹெட்டை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், பழைய வழக்கப்படி. பொட்டைப் பார்த்தார். "நல்லாருக்கு சார்" என்றார். மூன்று வாரம் போன் எடுக்காத ஆள் சொல்கிற சொல்லா அது! கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி, இந்த மண்டபத்தில் ஒழுங்காகப் பெருக்குவதில்லை.

அந்த வேகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஊறுகாய், வினைத்தொகை, மூன்று காலம். "உங்கள் பெயர் சரிதான் அம்மா. நான் தீர விசாரித்துவிட்டேன். இலக்கணப்படியே சரி."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப இனிமே நான் வச்சுக்கலாமா?"

"தாராளமாக" என்றேன்.

தாய்மாமா ஏனோ இருமினார். இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். "சார், எங்கப்பா லாரிக்குப் பேரு எழுதறவரு. நான் பொறந்தப்ப ஒரு லாரியோட பின்பலகையில என் பேரை எழுதினாரு. இடம் பத்தல. ஒரு எழுத்தை விட்டுட்டாரு. பார்க்க நல்லா இருந்துச்சாம், அப்படியே வச்சுட்டாரு. மூணு காலமெல்லாம் இல்ல சார். பலகை சின்னது."

காரணம் வேறு, இலக்கணம் வேறு என்றேன். அவர் அப்பாவே அறியாமல் சரியாகச் செய்திருக்கிறார் என்றேன். நான் எங்கே விட்டுக்கொடுத்தேன்? விடவில்லை.

அதற்குள் அந்தத் தாய்மாமா ஒரு கார்டை எடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கட்டுமானக் கம்பெனியாம். "இது யாருங்க பண்ணது? எங்க ஆபீசுக்கு வேணுமே" என்றார். மலர்கொடி என்னைக் காட்டினார். "இவருதாங்க. பேரும் நம்பரும் எழுதித் தரேன்." பையிலிருந்து புருவம் தீட்டுகிற பென்சிலை எடுத்தார், கார்டைத் திருப்பினார். மலர்ந்த, மலர்கின்ற, மலரும். அட்டை முழுக்க. பென்சிலை இந்த மூலையில் வைத்தார், அந்த மூலையில் வைத்தார்.

"எழுத இடமே இல்லையே சார். பின்பக்கம் எனக்குக் காலியா வேணும். பொண்ணுங்களுக்கு எந்த நிறம்னு இதுலதான் எழுதிக் குடுப்பேன். அட்டை மட்டும் நீங்களே வச்சுக்குங்க, தாளும் கவரும் எடுத்துக்கறேன்."

ஐந்நூறு அட்டை! என் மடியிலேயே திரும்பி வந்துவிட்டது, பாருங்கள். கோபம் வந்தது. வராமல் இருக்குமா? வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஒரு கவரை எடுத்து மடித்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சார், இளஞ்செழியன்தானே? நீங்க எப்படி எழுதுவீங்க? 'ஞ்' போட்டா, 'ன்' போட்டா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை ஐயா. சிங்கப்பூரில் முதல் நாள் மேலதிகாரி, என் பெயர் வாயில் நுழையாமல், ஷான் என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தேன். அப்புறம் பத்தொன்பது வருடம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இங்கே வந்தால் மின்சார அட்டையில் இளன்செழியன், எரிவாயுப் புத்தகத்தில் இளம்செழியன். திருத்தச் சொன்னதில்லை. என் பெயர்தானே, அதற்குப் போய் யாரிடம் சண்டை போடுவது?

"'ஞ்'" என்றேன்.

எழுதினார். எழுதி நேராக அந்த மாமா கையில் கொடுக்கவில்லை. முதலில் என் பக்கம் நீட்டினார்.

"சரியா இருக்கா, பாருங்க சார்."

பார்த்தேன். பழுப்புப் பென்சில், கொஞ்சம் பருமனான எழுத்து, 'ழி'யின் கொக்கி மட்டும் சாய்ந்திருந்தது. அதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "சரி" என்றேன். அதற்கப்புறம்தான் அவரிடம் கொடுத்தார்.

என்ன, அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? ஒன்றும் இல்லை. நேராக அச்சகத்துக்குப் போகிறேன். பின்பக்கத்தை வெறுமையாக விட்டு ஐந்நூறும் புதிதாக அடிக்கப் போகிறேன். அவர் சொன்னதற்காக இல்லை. பின்பக்கம் நெரிசல், அது டிசைன் கோளாறு, எனக்கே தெரிகிறது.

ஆனால் இந்தத் தடவை புரூஃபை யாரிடமும் கொடுத்து அனுப்ப மாட்டேன். நானே எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்காருவேன். நிறத்தைப் பார்த்து முடிக்கட்டும். அப்புறம் பெயரைப் படிக்கச் சொல்வேன், எழுத்து எழுத்தாக. சரியா என்று கேட்பேன். கேட்டுவிட்டுத்தான் அச்சுக்குப் போகும். பிழை என்று எனக்குப் பட்டால் வாயால் சொல்லத்தான் செய்வேன், அதையும் விடச் சொன்னால் என்னால் முடியாது. சொல்லிவிட்டு, அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே அடிப்பேன்.